விழித்திரைப் படங்கள் கைக்கு வரும் வரை

செயற்கை நுண்ணறிவை வைத்து மருத்துவ ஆய்வு செய்கிறேன் என்று சொன்னால், எந்த மாடல், அதைப் பயிற்றுவிக்க எத்தனை ஜிபியு சில்லுகள் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். படங்களை யார் கொடுத்தார்கள், எப்படிக் கொடுத்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. எங்கள் உழைப்பில் பெரும்பகுதி அதற்குத்தான் போனது. சிங்கப்பூரில் இதே வழியில் வரப்போகும் ஆய்வு மாணவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

நான் கணினித் துறை ஆள். பல்கலைக்கழகம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியரின் குழுவில் ஆய்வாளராக இருக்கிறேன். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பலதுறை மருந்தகங்களில் விழித்திரையைப் படம் எடுப்பார்கள். நோய் விழித்திரையைத் தொட்டிருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். அதைக் கணினியே கண்டுபிடிக்கும் முறை இங்கே ஏற்கெனவே உண்டு. சிங்கப்பூர் கண் ஆராய்ச்சிக் கழகம், தேசியக் கண் நிலையம், தேசியப் பல்கலைக்கழகத்தின் கணினித் துறை ஆகியவை சேர்ந்து உருவாக்கிய முறை பற்றிய கட்டுரை 2017இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்தது. ஏறக்குறைய 5 லட்சம் படங்களை வைத்துச் செய்த வேலை. நிபுணரிடம் அனுப்ப வேண்டியவற்றில் 90.5 விழுக்காட்டை அது சரியாகப் பிடித்தது. அனுப்பத் தேவையில்லாதவற்றில் 91.6 விழுக்காட்டைச் சரியாக ஒதுக்கியது.

எங்கள் கேள்வி மிச்சமிருக்கும் அந்தச் சிறு பங்கைப் பற்றியது. இத்தகைய மாடல்கள் தவறும்போது யாரிடம் தவறுகின்றன? விழித்திரையின் பின்னணி நிறம் ஆளுக்கு ஆள் மாறும். நிறமி கூடுதலாக உள்ள கண்ணில் படம் இருண்டு விழும். கண்புரை இருந்தால் மங்கிவிடும். அப்படியானால் தவறுகள் சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவரிடமும் ஒரே அளவில்தான் இருக்கின்றனவா? 2010 தேசிய சுகாதார ஆய்வின்படி இங்குள்ள இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. சீனர்களில் அது 9.7 விழுக்காடு. எந்த வீட்டுக்குப் போனாலும் சர்க்கரை போடாத தேநீர் கேட்கும் ஒருவர் இருக்கும் சமூகத்தில் பிறந்த எனக்கு இது வெறும் புள்ளிவிவரக் கேள்வியாகப் படவில்லை.

முதல் படி பயிற்சி. மனிதர்கள் தொடர்பான ஆய்வில் கைவைக்கும் எவரும் சிட்டி எனப்படும் இணையப் பாடங்களை முடித்துத் தேர்வு எழுத வேண்டும். மனிதர்கள் மீதான ஆய்வுக்கு வரம்பு வகுத்த நியூரம்பர்க் நெறிகள், டஸ்கீகி கொடுமை, ஆய்வு நெறிமுறை பற்றி 1979இல் வந்த பெல்மாண்ட் அறிக்கை எல்லாம் வரும். கணினிக்காரர்கள் இதைச் சடங்காக நினைத்து ஓட்டிவிடுகிறார்கள். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தே வருவதால் எனக்கும் சில இடங்களில் கொட்டாவி வந்தது உண்மை. ஆனாலும் டஸ்கீகி பாடத்தை நிதானமாகப் படியுங்கள். 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களின் சிஃபிலிஸ் நோயைச் சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்த ஆய்வு அது. ஒரு நெறிமுறைக் குழு ஏன் இவ்வளவு கேள்வி கேட்கிறது என்பது அதற்கப்புறம் புரியும்.

இரண்டாவது, ஐஆர்பி என்று எல்லாரும் சொல்லும் அந்த நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பம். சிங்கப்பூரில் 2015ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் வந்தபின் இந்தக் குழுக்களின் பொறுப்பு சட்டப்படி இறுகிவிட்டது. நாங்கள் நோயாளிகள் யாரையும் சந்திக்கப்போவதில்லை, பழைய படங்களை மட்டுமே பயன்படுத்தப்போகிறோம். அதனால் ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் பெறுவதிலிருந்து விலக்கு கேட்டோம். கேட்டால் கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். நோயாளிக்கு வரும் ஆபத்து மிகக் குறைவு, அவர்களின் உரிமையும் நலனும் பாதிக்கப்படாது, ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்துக் கேட்பது நடைமுறையில் முடியாது, இதனால் பொது நன்மை உண்டு என்பதையெல்லாம் நாம்தான் நிறுவ வேண்டும்.

விண்ணப்பத்தில் ஒரு பகுதி எங்களை உண்மையிலேயே வேலை வாங்கியது. கேட்கும் தகவல் ஒவ்வொன்றுக்கும், இது ஏன் தேவை என்று ஒரு வரி எழுத வேண்டும். எங்கள் துறையில் கிடைப்பதையெல்லாம் வாங்கி வைத்துக்கொள், பின்னால் உதவும் என்பதுதான் பழக்கம். பேராசிரியரும் அந்தப் பள்ளிதான். முதல் பட்டியலில் வயது, பாலினம், இனம், ரத்த சர்க்கரை அளவோடு வீட்டு வகை, அஞ்சல் குறியீடு, படம் எடுத்த தேதி எல்லாம் இருந்தன.

அஞ்சல் குறியீட்டில் விவாதம் தொடங்கியது. இந்தியாவில் பின்கோடு என்றால் ஒரு வட்டாரமே அதில் அடங்கும். சிங்கப்பூரின் ஆறு இலக்கக் குறியீடு அப்படி இல்லை. ஒரு வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக்குக்கு ஒரு குறியீடு. தரைவீடாக இருந்தால் அந்த ஒரு வீட்டுக்கே தனிக் குறியீடு. பெயரை எடுத்துவிட்டு அஞ்சல் குறியீட்டை விட்டுவைத்தால் அடையாளத்தை நீக்கினோம் என்று சொல்லவே முடியாது. சரி, திட்டமிடல் வட்டாரம் போதும் என்றோம். தீவில் அப்படி 55 வட்டாரங்கள். அதுவும் பாதுகாப்பில்லை என்று குழுவிலிருந்து பதில் வந்தது: தொண்ணூறு வயதைத் தாண்டிய இந்தியப் பெண்மணி ஒரு சிறிய வட்டாரத்தில் ஒரே ஒருவராக இருக்கலாம் இல்லையா? யோசித்துப் பார்த்தால் எங்கள் கேள்விக்கு வீடு எங்கே இருக்கிறது என்பதே தேவையில்லை. அதை எடுத்தோம். வீட்டு வகையையும் எடுத்தோம். வயதை ஐந்தாண்டுப் பிரிவுகளாக்கினோம். தேதிக்குப் பதில் ஆண்டு மட்டும்.

அடையாள அட்டை எண் பட்டியலில் முதலிலிருந்தே கிடையாது. ஆனால் ஒரே நபரின் இரண்டு படங்களை இணைக்க அதன் ஒரு துண்டையாவது வைத்துக்கொள்ளலாமா என்று எங்களில் ஒருவர் கேட்டார். 1968 முதல் இங்கே பிறந்த குடிமக்களின் எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. கடைசி நான்கு எழுத்துகளோ, பலர் பல இடங்களில் கொடுத்துப் பழகியவை. எந்தத் துண்டை எடுத்தாலும் ஏதோ ஒன்று கசியும். மருத்துவமனைப் பக்கமே தற்போக்கான ஓர் எண்ணை ஒவ்வொருவருக்கும் உருவாக்கி, எந்த எண் யாருடையது என்று காட்டும் சாவியைத் தங்களிடமே வைத்துக்கொள்வது என்று முடிவானது. சாவி நம் கையில் இல்லாதவரை நிம்மதி.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதற்கடுத்து வந்தது. பெயர் இல்லாத விழித்திரைப் படம் அடையாளமற்றதுதானா? விழித்திரையின் ரத்தக்குழாய் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறு. பூட்டுத் திறக்கக்கூட அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். போதாததற்கு, விழித்திரைப் படத்திலிருந்து வயது, பாலினம், புகைப்பழக்கம் வரை கணினி ஊகிக்கும் என்று கூகுள் ஆய்வாளர்கள் 2018இல் காட்டிவிட்டார்கள். மருத்துவர்களால் பார்த்துச் சொல்ல முடியாததையும் மாடல் எடுத்துவிடுகிறது. இதற்கு மழுப்பலாகப் பதில் எழுத முடியாது. ஒருவரின் இன்னொரு விழித்திரைப் படம் பெயரோடு கையில் இருந்தால் மட்டுமே பொருத்திப் பார்க்க முடியும், அப்படி எதனோடும் பொருத்த மாட்டோம், படங்களை வெளியே எடுக்க மாட்டோம், அனுமதி பெற்ற ஆட்கள் மட்டுமே தொடுவார்கள் என்று எழுதிக் கையெழுத்திட்டோம். கூடவே ஒரு சில்லறை விஷயத்தையும் சேர்த்தோம். சில கேமராக்கள் நோயாளி பெயரையும் தேதியையும் படத்தின் மூலையிலேயே அச்சடித்துவிடும். கோப்பின் தலைப்பகுதியில் ஒளிந்திருக்கும் தகவலை அழித்தால் மட்டும் போதாது, மூலைகளையும் வெட்ட வேண்டும். இதே வேலையில் இறங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

குழுவில் மருத்துவரோ விஞ்ஞானியோ அல்லாத உறுப்பினர்களும் உண்டு. அவர்களுக்கும் புரியும்படி ஒரு சுருக்கம் எழுத வேண்டும். நான் எழுதியதை மருத்துவமனைப் பக்கத்து ஆய்வு ஒருங்கிணைப்பாளரிடம் காட்டினேன். தமிழர், என்னைவிட மூத்தவர். எத்தனையோ விண்ணப்பங்களைப் பார்த்தவர்.

“தம்பி, உங்க ஃபிரண்ட்ஸ் படிக்க எழுதியிருக்கீங்க. உங்க அப்பா படிக்கிற மாதிரி எழுதுங்க” என்றார்.

“அப்பாவுக்கு இதெல்லாம் எதுக்கு அக்கா?”

“அவர் கண்ணையும்தானே படம் எடுக்கறாங்க?”

எடுக்கிறார்கள்தான். ஈசூன் வீட்டில் அப்பாவை உட்காரவைத்து விளக்கினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “என் கண்ணும் அதுல இருக்குமா?” என்றார். இருக்கலாம், ஆனால் எது உங்களுடையது என்று எனக்கே தெரியாது என்றேன். “அப்ப சரி. கம்பெனிக்கு விப்பீங்களா?” என்று அடுத்த கேள்வி. விண்ணப்பத்தின் எந்தக் கட்டத்திலும் அதற்கு நேரடியான பதில் இல்லை. சுருக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன்: படங்கள் எந்த நிறுவனத்துக்கும் தரப்பட மாட்டா.

ஐஆர்பி ஒப்புதல் வந்ததும் வேலை முடிந்தது என்று கொண்டாடும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன். அது ஆய்வு செய்யலாம் என்ற அனுமதி மட்டுமே. தரவு கைமாறுவதற்குப் பல்கலைக்கழகத்துக்கும் மருத்துவமனைக்கும் இடையே தனி ஒப்பந்தம் வேண்டும். இரண்டு பக்க வழக்கறிஞர்களும் மாறி மாறித் திருத்துவார்கள். ஆய்வில் பிறக்கும் காப்புரிமை யாருக்கு, கட்டுரையை வெளியிடுமுன் யார் பார்க்க வேண்டும், ஏதாவது கசிந்தால் யார் பொறுப்பு என்பவைதான் சண்டையின் மையம். எங்கள் கோப்பு ஒரு மேசையில் நெடுநாள் அசையாமல் கிடந்தது. அங்கிருந்த அதிகாரி வேறு வேலைக்குப் போய்விட்டார், புதியவருக்கு அப்படியொரு கோப்பு இருப்பதே தெரியவில்லை. மானியப் பணத்துக்குக் கெடு உண்டு, என் வேலை ஒப்பந்தத்துக்கும் கெடு உண்டு. கோப்புக்கு மட்டும் கெடு இல்லை. இது எனக்கு இன்னும் நியாயமாகத் தோன்றவில்லை. ஐஆர்பி விண்ணப்பத்தை அனுப்பும் நாளிலேயே ஒப்பந்த வேலையையும் தொடங்கிவிடுங்கள். ஒன்று முடிந்தபின் இன்னொன்று என்று காத்திருக்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை.

காத்திருந்த நாள்களை வீணாக்கவில்லை. உலகில் பொதுவாகக் கிடைக்கும் விழித்திரைப் படத் தொகுப்புகள் உண்டு. பிரான்சில் உருவான மெசிடோரில் 1,200 படங்கள். மகாராஷ்டிரத்தின் நாந்தேட்டில் எடுக்கப்பட்ட ஐடிரிட்டில் 516. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் படங்களை வைத்து 2019இல் நடந்த ஆப்டோஸ் போட்டியின் தொகுப்பும் இருக்கிறது. 1976இல் டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அந்த மருத்துவமனையின் படங்கள் சிங்கப்பூரில் என் திரையில் ஓடியதில் கொஞ்சம் பெருமை. இவற்றை வைத்து மாடலின் அடிப்படைப் பயிற்சியைத் தேசிய மீத்திறன் கணினி மையத்தின் ஆஸ்பயர் 2ஏ இயந்திரத்தில் முடித்தோம். ஜாப் போட்டுவிட்டு வரிசையில் காத்திருக்க வேண்டும். ஆய்வு மாநாடுகளின் கெடு நெருங்கும் வாரங்களில் வரிசை நீளும். நள்ளிரவில் போட்டால் சீக்கிரம் நகரும் என்று ஒரு நம்பிக்கை எங்களிடையே உண்டு, ஆதாரம் எதுவும் கிடையாது.

ஒப்பந்தம் கையெழுத்தானபின் மருத்துவமனைப் படங்கள் அந்த இயந்திரத்துக்கு வரவில்லை. எந்தக் கணினியில் வைப்போம் என்று எழுதிக் கொடுத்தோமோ அங்கே மட்டும்தான் வைக்கலாம். மருத்துவமனையின் பாதுகாக்கப்பட்ட சூழலுக்குள் நாங்கள்தான் போனோம். அங்கே இணையம் கிடையாது. 2018இல் சிங்ஹெல்த் என்ற பொதுச் சுகாதாரக் குழுமத்தின் மீது நடந்த இணையத் தாக்குதலில் 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரம் திருடப்பட்டதும், பொதுச் சுகாதார நிறுவனங்களின் கணினிகளில் இணைய உலாவலைத் துண்டித்தார்கள் அல்லவா, அந்தக் காலத்தின் எச்சரிக்கை இன்னும் இருக்கிறது. கணினிக்காரனுக்கு இது பெரிய அதிர்ச்சி. நிரலுக்குத் தேவையான ஒரு பைதான் மென்பொருள் தொகுதி குறைந்தால் ஒரே கட்டளையில் இறக்கிக்கொள்ள முடியாது. தேவையான அனைத்தையும் பதிப்பு எண்ணோடு பட்டியலிட்டு, சோதனைக்கு அனுப்பி, அவர்கள் உள்ளே ஏற்றித் தரும்வரை கைகட்டி இருக்க வேண்டும். நிரல் ஓடத் தேவையான முழுச் சூழலையும் கண்டெய்னர் எனப்படும் ஒரே பொட்டலமாகக் கட்டி ஒருமுறை அனுப்பிவிடுவது நல்லது. வெளியே எடுத்துவர அனுமதி எண்களுக்கும் வரைபடங்களுக்கும் மட்டுமே. மாடலின் எடைகளை, அதாவது அது பயிற்சியில் கற்ற எண்களை, எடுத்துவரத் தனி விண்ணப்பம்.

இனவாரியாகப் பிரிக்கும்போது ஒரு சிக்கல் எழுந்தது. மருத்துவமனைப் பதிவில் இருப்பது அடையாள அட்டையில் உள்ள இனம். 2011 முதல் கலப்புத் திருமணக் குழந்தைகளுக்கு இரட்டை இனம் பதியலாம், ஆனால் நாற்பது வயதைத் தாண்டிய எங்கள் நோயாளிகளிடம் அது அரிது. தமிழர், மலையாளி, சிந்தி, பஞ்சாபி எல்லாரும் அந்தப் பதிவில் இந்தியர்தான். விழித்திரை நிறத்தைப் பற்றிய ஆய்வுக்கு அந்தப் பெட்டி பெரிது. அதனால் இனத்தோடு, படத்திலிருந்தே அளந்த பின்னணி நிறத்தையும் தனி மாறியாகச் சேர்த்தோம். அஞ்சல் குறியீட்டையும் வீட்டு வகையையும் வாங்கியிருந்தால் அவற்றை வைத்து வட்டமடித்துக்கொண்டிருப்போம், இது தோன்றியிருக்காது என்று பேராசிரியரே இப்போது சொல்கிறார்.

கட்டுரை இப்போது ஓர் இதழின் மதிப்பீட்டில் இருக்கிறது. அதனால் முடிவுகளை இங்கே எழுத முடியாது. மதிப்பீட்டாளர்களில் ஒருவர், தரவைப் பொதுவில் வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். முடியாது என்பதற்கான காரணத்தையும், மருத்துவமனையிடம் அனுமதி கேட்க விரும்புவோர் எந்த வழியில் போக வேண்டும் என்பதையும் பதிலில் எழுதியிருக்கிறோம். நிரல் முழுவதையும் திறந்து வைத்துவிட்டோம். நெறிமுறைக் குழுவுக்கான ஆண்டறிக்கை அடுத்த மாதம் போக வேண்டும், ஒருங்கிணைப்பாளர் அக்கா இரண்டாவது முறையாக நினைவூட்டி மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்.