செவலை தேறிய கதை

ஜனவரி மாதத்து ஊட்டி. ராத்திரி உறைபனி விழுந்து, தொட்டித் தண்ணீர் மேல் கண்ணாடி போல ஏடு கட்டியிருந்தது. செவலை அதில் வாயை வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான் பார்த்தேன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏரிக்கரையில் ஆள் ஏற்றுகிற மட்டக்குதிரை அது. பொங்கல் விடுமுறைக் கூட்டம் வேறு. மூன்று நாளாகச் சரியாகத் தண்ணீர் குடிக்காமல், கீழேயிருந்து லாரியில் வருகிற நெல் வைக்கோலை மட்டும் மென்றுகொண்டிருந்தது.

நான்காம் நாள் மதியம் முன்னங்காலால் தரையைப் பறித்தது. விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. அப்புறம் படுத்துப் புரண்டது. காலையிலிருந்து லத்தி போடவில்லை. விலாவில் காதை வைத்தால் எப்போதும் கேட்கிற கடமுடச் சத்தம் கேட்கவே இல்லை. குதிரைக்காரர்கள் கோலிக் என்று சொல்கிற வயிற்றுச் சூலை. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே போனது பின்வழியாகத்தான் வந்தாக வேண்டும். டாக்டர் மூக்கு வழியே குழாய் விட்டு, அடைப்பை இளக்க லிக்விட் பாரஃபின் எண்ணெய் இறக்கினார், ஊசி போட்டார், குளுக்கோஸ் ஏற்றினார். இரண்டு ராத்திரி நானும் என் மச்சானும் மாறி மாறி விழித்திருந்தோம்.

மூன்றாம் நாள் விடியற்காலை நாலு உருண்டை லத்தி விழுந்தது. சின்னச் சின்னதாக, எண்ணெய்ப் பளபளப்போடு. ஒன்றில் பிஸ்கட் கவர் துண்டு ஒட்டியிருந்தது. பிளாஸ்டிக்குக்குத் தடை உள்ள மாவட்டம் இது. ஆனாலும் மார்க்கெட் குப்பை பக்கம் மேய அவிழ்த்துவிட்டது நான்தானே, யாரைக் குற்றம் சொல்வது?

அடைப்பு நீங்கியதும் பாதி வேலை முடிந்தது என்று நினைத்தேன். மழைக்காலத்தில் சவாரி இல்லாமல் தீவனத்தைக் குறைத்ததில் ஏற்கெனவே இளைத்திருந்த குதிரை. இப்போது விலா எலும்பை எண்ணலாம், இடுப்பெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு நின்றன. குதிரையின் உடல்கட்டுக்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுகிற முறை ஒன்று உண்டு. 1983இல் ஹென்னெக் என்ற அமெரிக்கர் வகுத்தது. டாக்டர் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு “ரெண்டு” என்றார்.

பக்கத்து லாயத்துப் பெரியவர் எட்டிப் பார்த்தார். “தம்பி, ஒரு படி கொள்ளு வேகவச்சுப் போடு. பத்து நாள்ல தேறிடும்.” எங்கள் தொழிலில் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தார்: பத்து நாளைக்குக் கொள்ளு, ஓட்ஸ், தவிடு, வெல்லம் எதுவும் கூடாது. குதிரைமசால் என்கிற தீவனப் பயிர், காய்ந்தது, கால் கிலோ, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ராத்திரியும் சேர்த்து ஆறு வேளை. மொத்தமே ஒன்றரைக் கிலோ. அன்றைக்கு செவலையின் எடை 205 கிலோ. எனக்கு வயிறு எரிந்தது. பசியில் தொட்டியை நக்குகிற குதிரைக்குக் கைப்பிடி தழையா?

ஆறாம் நாள் மனசு கேட்கவில்லை. டாக்டருக்குத் தெரியாமல் அரைப்படி கொள்ளு வேகவைத்துப் போட்டேன். ஆசையாகத் தின்றது. மறுநாள் காலை லத்தி உருண்டையாக இல்லை, மாட்டுச் சாணம் மாதிரி கொழகொழவென்று புளிச்ச வாடையோடு கிடந்தது. குதிரை தலையைத் தொங்கப்போட்டு நின்றது. போன் பண்ணி ஒப்புக்கொண்டேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அன்றைக்குத்தான் அவர் காரணத்தைச் சொன்னார். பல நாள் பட்டினி கிடந்த உடம்பில் பாஸ்பரஸ், மெக்னீசியம் எல்லாம் வற்றியிருக்கும். திடீரென்று மாவுச்சத்து போனால் இன்சுலின் ஏறும், ரத்தத்தில் மிச்சமிருக்கிற கொஞ்சத்தையும் செல்கள் இழுத்துக்கொள்ளும். இதயமும் மூச்சும் தடுமாறும். நன்றாகத் தின்ன ஆரம்பித்த குதிரை மூன்றாம் நாள், நாலாம் நாள், ஐந்தாம் நாளில் விழுந்து செத்துப்போகும். பசியில் சாகாமல் சோற்றில் சாவது என்பது இதுதான். குதிரைமசாலில் மாவுச்சத்து குறைவு, புரதமும் தாது உப்பும் அதிகம். அதனால்தான் அது. செவலை தப்பியது என் அதிர்ஷ்டம்.

‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று சின்ன வயசிலிருந்து கேட்கிறேன். குதிரைத் தொழிலில் இருந்துகொண்டு அதைத் தலைகீழாகச் செய்திருக்கிறேன்.

குதிரைமசால் மேலே கிடைப்பதில்லை. பேரிலேயே குதிரை இருந்தாலும் எங்கள் பக்கம் குதிரைக்கு அதை வாங்கிப் போடுகிறவர்கள் அபூர்வம். கோயம்புத்தூர்ப் பக்கம் பால்மாடு வைத்திருக்கிற ஒரு விவசாயியிடம் சொல்லி, நிழலில் உலர்த்திய கட்டுகளை வாராவாரம் காய்கறி லாரி திரும்பி வரும்போது ஏற்றச் சொன்னேன். பிரித்ததும் டீத்தூள் மாதிரி ஒரு மணம் வரும். ஒவ்வொரு கட்டையும் உதறிப் பூஞ்சணம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் போட்டேன்.

பத்து நாளுக்கு அப்புறம் வேளையைக் குறைத்து அளவைக் கூட்டினோம். மூன்றாம் வாரம் ஒரு நாளைக்கு ஐந்து கிலோ, அதாவது இருக்க வேண்டிய எடையில் நூற்றுக்கு இரண்டு. பாதி மசால், பாதி உலர்புல். இங்கே மேடு பள்ளமெல்லாம் மண்டிக் கிடக்கிற கிக்குயு புல்லை மட்டுமே நம்பக்கூடாது என்றார் டாக்டர். அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், அதையும் அள்ளிப் போட்டால் எலும்புதான் கெடும். இரண்டையும் சேர்த்துப் போட்டுத்தான் இத்தனை வருஷம் குதிரை வளர்த்திருக்கிறோம்!

தண்ணீர்தான் எங்களுக்குப் பெரிய வேலை. விறகடுப்பில் ஒரு அண்டா காயவைத்து, தொட்டியில் கலந்து கைச்சூட்டுக்குக் கொண்டுவந்தால் மடமடவென்று குடித்தது. அதையே பச்சைத் தண்ணீராக வைத்தால் அரை வாளியோடு நிறுத்திவிடும். தீனியில் ஒரு ஸ்பூன் கல்லுப்பு. ராத்திரி முதுகுக்குப் பழைய கம்பளி, அதன்மேல் தைத்த சாக்கு. குளிரில் நடுங்கினால் தின்றதெல்லாம் சூட்டுக்கே போய்விடுமே.

ஐந்தாம் வாரம் மென்ற புல்லைச் சுருட்டிக் கீழே துப்புகிறதைக் கவனித்தேன். கடைவாய்ப் பல்லின் ஓரம் கத்தி மாதிரி கூர்ந்து கன்னத்தைக் கிழித்திருந்தது. அரம் போட்டு ராவினார்கள். குடற்புழு மருந்தும் அதற்கப்புறம்தான், கொஞ்சம் தெம்பு வந்தபிறகு. எண்ணெயை ஒரு ஸ்பூனில் தொடங்கி மெதுவாக ஒரு டம்ளர் வரை ஏற்றினோம். எள்ளெண்ணெய் கட்டுப்படியாகாது, கடலை எண்ணெய்தான். பழமொழி மன்னிக்கட்டும்.

கேரட்டுக்குப் பஞ்சமில்லாத ஊர். கேரட் கழுவுகிற இடத்தில் உடைந்தது, கோணலானது எல்லாம் கிடைக்கும். தினம் இரண்டு மூன்று கொடுத்தேன். வட்ட வட்டமாக வெட்டினால் தொண்டையில் அடைக்கும், நீளவாக்கில்தான் கீற வேண்டும். அதில் பெரும்பகுதி தண்ணீர்தான், எடை ஏறாது. ஆனால் அதன் வாசனைக்கு செவலை கனைக்கும். நோய்க்கு அப்புறம் அது முதலில் கனைத்தது கேரட்டைப் பார்த்துத்தான்.

எடைக்கு டெய்லர் டேப் போதும். நெஞ்சுச் சுற்றளவை அதாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 11,877ஆல் வகுக்க வேண்டும். அளவெல்லாம் சென்டிமீட்டரில். சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறேன். தொடக்கத்தில் சுற்றளவு 138, நீளம் 128. மே நடுவில் சுற்றளவு 150. கணக்குப் போட்டால் 242 கிலோ.

மே மாதம் மலர்க் கண்காட்சிக் கூட்டம். தெருவில் நிற்க இடமில்லை, மற்றவர்கள் குதிரைகள் மதியச் சாப்பாட்டுக்குக்கூட நிற்கவில்லை. “நல்லாத்தானே இருக்கு, சேணத்தைப் போடுப்பா” என்று நாலு பேர் சொன்னார்கள். முதுகெலும்பின் இருபக்கமும் சதை இன்னும் மூடவில்லை, சேணம் வைத்தால் புண்ணாகும். சீசன் போனது போனதுதான். அந்த மாதம் கடன் வாங்கிச் சமாளித்தோம்.

ஜூன் இரண்டாம் வாரம், சாரல் தொடங்கியபிறகு, என் அக்கா மகளை ஏற்றி லாயத்திலிருந்து தெருமுனை வரை நடத்திக்கொண்டு போய்த் திரும்பினேன். வந்ததும் வைக்கோலை ஒரு பிடி போட்டேன். முகர்ந்து பார்த்துவிட்டு மசால் கட்டு இருக்கிற மூலையைப் பார்த்து நின்றது. வைக்கோலை இப்போது தொடுவதே இல்லை.