மாரிக் குளிரும் கொட்டில் நெருப்பும்

யாழ்ப்பாணத்துக் குளிரை வெப்பமானியில் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. மார்கழி, தை இரவுகளில் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஆனாலும் 2022 டிசம்பரில், மண்டூஸ் புயல் நாட்களில், வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளும் ஆடுகளும் நூற்றுக்கணக்கில் செத்தன. காய்ந்த மயிர் தாங்குகிற குளிரை நனைந்த மயிர் தாங்காது. அதோடு வாடைக்காற்றும் சேர்ந்தால், தீனி குறைந்த மெலிந்த மாடு ஓரிரவில் விழுந்துவிடும்.

வளர்ந்த மாட்டுக்கும் ஆட்டுக்கும் சூட்டுக்கென்று மின்குமிழும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம். கூரை ஒழுகக்கூடாது, படுக்கிற இடம் ஈரமில்லாமல் இருக்கவேண்டும், வடகிழக்குப் பக்கம் காற்று நுழையக்கூடாது. அந்தப் பக்கத்தை நிலத்திலிருந்து நாலடிக்குக் கிடுகாலோ தறப்பாளாலோ அடைத்தால் போதும். கூரையடியில் ஓரடி திறந்திருக்கட்டும். முழுவதும் மூடினால் மூத்திர நெடி உள்ளேயே நின்று சளியில் கொண்டுபோய் விடும். பொழுதுபட வைக்கோலைத் தாராளமாகப் போடுங்கள். அசைபோடும் பிராணிக்கு இரைப்பையில் நார்த்தீனி புளிக்கும்போது வருகிற சூடுதான் இராச் சூடு.

புதிதாகப் பிறந்த ஆட்டுக்குட்டிக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். சாக்கால் நன்றாகத் துடைத்துக் காயவைத்து, ஒரு மணித்தியாலத்துக்குள் கடும்புப்பால் (ஈன்றதும் சுரக்கும் முதல் பால்) குடிக்கவிடவேண்டும். இரண்டரைக் கிலோ குட்டிக்கு முதல் நாளில் கால் லீற்றராவது உள்ளே போகவேண்டும். அப்படியும் நடுங்கினால் போத்தலில் சுடுநீர் நிரப்பி, துணி சுற்றி, பெட்டிக்குள் பக்கத்தில் வைத்தாலே சரி. குமிழைத் தேடி ஓடவேண்டியதில்லை.

உண்மையில் வெளிச்சூடு இல்லாமல் பிழைக்காதது கோழிக்குஞ்சுதான். முதல் கிழமை 33 முதல் 35 பாகை வேண்டும். பிறகு கிழமைக்கு 3 பாகை அளவில் குறைத்துவரலாம். குஞ்சுக்கு இரண்டு வோற்றுக்குச் சற்றுக் கூட என்ற கணக்கில், 50 குஞ்சுக்கு 60 வோற் இழைக்குமிழ் இரண்டு போதும். ஒன்று எரிந்துபோனாலும் மற்றது நிற்கும். எல்ஈடி குமிழைப் போட்டுவிட்டு குஞ்சு ஏன் சாகிறது என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதிலிருந்து வருவது வெளிச்சம், சூடு அல்ல. குஞ்சுகள் குமிழுக்குக் கீழே குவிந்தால் குளிர். விலகி வாய் திறந்து இளைத்தால் சூடு கூட. எல்லாம் ஒரு மூலையில் ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்தால் காற்று வருகிறது.

இங்கேதான் நெருப்பு தொடங்குகிறது. மழை இரவில் குஞ்சு குவிவதைக் கண்டதும் குமிழை இன்னும் பதிப்பார்கள். கீழே உமி, அதற்கு மேல் கடதாசி. குமிழின் கண்ணாடி நூறு பாகையைத் தாண்டிச் சுடும். உமி சுவாலை விட்டு எரியாது, மணிக்கணக்காகப் புகைந்து கருகும். கிடுகைப் பிடித்த பிறகுதான் வெளியில் தெரியும். 250 வோற் சிவப்புக் குமிழ் உமியிலிருந்து 45 சென்ரிமீற்றருக்குக் கீழே வரவே கூடாது. அதற்குப் பீங்கான் ஹோல்டரும் கம்பிக் கூடும் கட்டாயம். பிளாஸ்ரிக் ஹோல்டர் சூட்டில் வெடித்துக் குமிழை விழுத்திவிடும். எந்தக் குமிழையும் அதன் வயரில் தொங்கவிடாதீர்கள். சங்கிலியில் தொங்கவிட்டு, அது அறுந்தாலும் தாங்க இன்னொரு கம்பியும் கூரை வளையில் கட்டுங்கள். குளிர் கூடினால் குமிழைப் பதிப்பதைவிட, குஞ்சுகளை அடைத்திருக்கும் வளையத்தைச் சுற்றிச் சாக்குக் கட்டிக் காற்றை மறிப்பது நல்லது. சாக்கு குமிழிலிருந்து எட்ட இருக்கட்டும்.

வீட்டிலிருந்து கொட்டிலுக்குப் போகிற வயர் அடுத்த கேடு. கிடுகுக்குள்ளால் இழுத்த வயரை எலி கடிக்கும். ரேப் சுற்றிய பொருத்தில் கடற்காற்றின் உப்பும் ஈரமும் ஏறி, செம்பு பச்சை பிடித்து, பொருத்து சூடேறும். ட்ரிப் சுவிச் இருக்கிறதே என்று நிம்மதி கொள்வது பிழை. 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் மின் ஒழுக்கைக் கண்டால் விழும், சூடேறுகிற தளர்ந்த பொருத்து அதற்குத் தெரியாது. ஆகவே கொட்டிலுக்குள் பொருத்தே வேண்டாம். பீவீசி குழாய்க்குள்ளால் ஒரே நீளமாக வயரை எடுத்து, சுவிச்சை வெளியே வையுங்கள். கிழமைக்கு ஒருமுறை சிலந்தி வலையையும் தூசியையும் தட்டவேண்டும். கரண்ட் போனால் அரிக்கன் லாம்பையோ தணல் சட்டியையோ உள்ளே கொண்டுபோகாதீர்கள். அடைத்த இடத்தில் தணலின் நச்சுவாயு குஞ்சை மட்டுமல்ல, ஆளையும் கொல்லும். சுடுநீர்க் கான் நாலைச் சாக்கில் சுற்றி வளையத்துக்குள் வைத்தால் விடியும்வரை சமாளிக்கலாம். இடையில் ஒருமுறை தண்ணீரை மாற்றவேண்டி வரும்.

நுளம்புக்குப் புகை போடுவதை யாரும் விடப்போவதில்லை. போடுகிறவர்கள் உடைந்த பானையிலோ இரும்புச் சட்டியிலோ, கொட்டிலுக்கு வெளியே, காற்று வருகிற பக்கத்தில் பத்தடி தள்ளிப் போடுங்கள். படுக்கப் போகுமுன் தண்ணீர் ஊற்றி, சாம்பலைக் கிளறி மறுபடி ஊற்றுங்கள். வைக்கோற்போரையும் கொட்டிலோடு ஒட்டி வைக்கவேண்டாம். ஈரத்தோடு குவித்த வைக்கோல் தானாகவே சூடேறும். நீளக் கம்பியொன்றைப் போருக்குள் குத்திக் கொஞ்ச நேரம் விட்டு இழுத்துப் பாருங்கள். கையால் பிடிக்க முடியாமல் சுட்டால் போரைக் கவனிக்கவேண்டும். அவசரப்பட்டுக் கலைத்தால் காற்றுப்பட்டுப் பற்றிக்கொள்ளும். தண்ணீரைப் பக்கத்தில் ஆயத்தமாக வைத்த பிறகே கை வையுங்கள்.

நெருப்புப் பிடித்தால் உடனே அவிழ்க்கவேண்டும் என்பதால், மாட்டின் கயிற்றைக் கட்டையில் உருவாஞ்சுருக்காகக் கட்டுங்கள், ஒரே இழுவையில் அவிழும். வாசல் கப்பில் ஒரு கத்தி செருகி இருக்கட்டும். வெளியே விட்ட மாடு பயத்தில் திரும்பவும் கொட்டிலுக்குள்தான் ஓடும், அதனால் கொட்டில் படலையை மூடவேண்டும். கிணற்றை நம்பி இருப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: நெருப்புப் பிடித்தவுடன் மெயின் சுவிச்சை நிறுத்தவேண்டும், நிறுத்தினால் மோட்டரும் நின்றுவிடும். பீப்பாய் ஒன்றில் தண்ணீரும் இரண்டு வாளியும் கொட்டிலடியில் எப்போதும் இருக்கட்டும், பீப்பாய்க்கு நுளம்பு போகாத மூடியோடு.