ஆர்கானிக் கெமிஸ்ட்ரி பயமா இருக்கா? ஹைட்ரஜன எண்ண ஆரம்பிங்க

பன்னெண்டாவது கெமிஸ்ட்ரி ரெண்டாவது வால்யூம்ல 11, 12, 13ன்னு மூணு பாடம் வரிசையா வரும்ல, ஹைட்ராக்சி சேர்மங்கள், கார்பனைல் சேர்மங்கள், கரிம நைட்ரஜன் சேர்மங்கள்னு, இந்த மூணுல தான் நான் அரையாண்டுல மொத்தமா கவுந்தேன். 70க்கு 31. படிக்காம இல்லங்க, அதான் கடுப்பு. பேர் வச்ச வினைகள் எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி, ரைமர் டீமன்ல இருந்து ஹாஃப்மன் வரைக்கும் காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு சத்தமா ஒப்பிச்சிட்டு தான் பரீட்சைக்கு போனேன்.

அதுல ஒரு கேள்வி, பென்சால்டிஹைடோட அடர் சோடியம் ஹைட்ராக்சைடு சேத்தா என்ன நடக்கும்னு. ஆல்டிஹைடு பிளஸ் காரம்னாலே ஆல்டால் குறுக்கம்னு மண்டைல பதிஞ்சிருந்துச்சு, ரெண்டு ஸ்டெப் அம்புக்குறி எல்லாம் போட்டு அழகா எழுதி வச்சேன். பேப்பர் கைக்கு வந்தப்போ அந்த விடை மேல சிவப்பு மையில பெரிய வட்டம், பக்கத்துல "ஆல்ஃபா ஹைட்ரஜன் எங்கே?"ன்னு மூணே வார்த்தைல கேள்வி, அதுக்கு கீழ முட்டை.

அந்த பேப்பர எடுத்துட்டு எங்க தெருவுல பிஎஸ்சி கெமிஸ்ட்ரி படிச்சிட்டு இருந்த ஒரு அக்காகிட்ட போனேன். அவங்க என் நோட்ட புரட்டி கூட பாக்கல, மூடி அந்தாண்ட வச்சிட்டு, "வினை பேர விடுடா, மூலக்கூற பாரு, ஹைட்ரஜன் எங்க உக்காந்திருக்கு, எத்தன இருக்கு, அத மட்டும் சொல்லு"ன்னாங்க. எனக்கு அப்போ புரியல. கார்பன பத்தி படிக்கிற பாடத்துல ஹைட்ரஜன எதுக்கு எண்ணணும்னு தோணுச்சு. அடுத்த ரெண்டு மாசம் அத ஒண்ண மட்டும் தான் செஞ்சேன், அதுல கெடச்சத தான் இங்க எழுதுறேன்.

மொதல்ல கொதிநிலை. இத ஒரு வரிசையா பாருங்க, எல்லாத்துக்கும் மூலக்கூறு நிறை கிட்டத்தட்ட ஒண்ணு தான், 44ல இருந்து 46க்குள்ள. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரி, டைமெத்தில் ஈதர் மைனஸ் 25, எத்தில் அமீன் 17, அசிட்டால்டிஹைடு 21, எத்தனால் 78, ஃபார்மிக் அமிலம் 101. ஒரே எடை, ஆனா ஏறக்குறைய 140 டிகிரி வித்தியாசம். டைமெத்தில் ஈதரும் எத்தனாலும் வாய்பாட்டுல கூட ஒண்ணு, ரெண்டு கார்பன் ஆறு ஹைட்ரஜன் ஒரு ஆக்சிஜன், அப்புறம் எப்படி ஒண்ணு வாயுவாவும் இன்னொண்ணு திரவமாவும் இருக்கு? எத்தனால்ல ஒரு ஹைட்ரஜன் ஆக்சிஜன் மேல உக்காந்திருக்கு, ஈதர்ல ஆறும் கார்பன் மேல. ஆக்சிஜன் மேல இருக்கிற ஹைட்ரஜன் பக்கத்து மூலக்கூறோட ஆக்சிஜன போய் புடிச்சுக்கும், அந்த ஹைட்ரஜன் பிணைப்ப பிச்சு எடுத்தா தான் கொதிக்கும். ஃபார்மிக் அமிலத்துல ரெண்டு மூலக்கூறு ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு இருபடியா இருக்கு, அதனால இன்னும் மேல. அமீன்லயும் நைட்ரஜன் மேல ஹைட்ரஜன் இருக்கு, ஆனா நைட்ரஜனுக்கு ஆக்சிஜன் அளவு எலக்ட்ரான் இழுக்கிற சக்தி இல்ல, அதனால பிடி கொஞ்சம் லூசு. அசிட்டால்டிஹைடுல அந்த மாதிரி ஹைட்ரஜனே கிடையாது, ஆனா கார்பனைல் (கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்புல சேந்த தொகுதி) ஒரு பக்கம் லேசா பிளஸ், ஒரு பக்கம் லேசா மைனஸ்னு இருமுனையா இருக்கிறதால ஈதர விட மேல நிக்குது. புரோப்பில் அமீன் 48 டிகிரி, அதே வாய்பாடு இருக்கிற ட்ரைமெத்தில் அமீன் வெறும் 3 டிகிரி, நைட்ரஜன் மேல ஒரு ஹைட்ரஜன் கூட இல்லாததால தான் அப்படி. இந்த வரிசைய ஒரு தடவ கையால எழுதிட்டீங்கன்னா கொதிநிலைய ஏறுவரிசைல எழுதுகங்கிற கேள்விக்கு தனியா படிக்க வேணாம்.

அடுத்து அமிலத்தன்மை. இங்க ஹைட்ரஜன் எங்க இருக்குன்னு பாத்தா மட்டும் பத்தாது, அது கழண்டு போனதுக்கு அப்புறம் மிச்சம் இருக்கிறது நிம்மதியா இருக்கான்னு பாக்கணும். எத்தனால், பீனால், அசிட்டிக் அமிலம் மூணுலயும் ஓஎச் தான் இருக்கு. ஆனா எத்தனால்ல ஹைட்ரஜன் போனா மைனஸ் ஒரே ஆக்சிஜன் மேல தேங்கி நிக்கும், எத்தில் தொகுதி வேற எலக்ட்ரான தள்ளி தொல்ல பண்ணும், பீனால்ல அது பென்சீன் வளையத்துல பரவிடும், அமிலத்துல ரெண்டு ஆக்சிஜனும் சமமா பங்கு போட்டுக்கும். பிகேஏ மதிப்பு (இது கொறைய கொறைய அமிலம் வலுவானது) பாத்தா எத்தனால் 16, பீனால் 10, அசிட்டிக் அமிலம் 4.76. இதுக்கு நடுவுல கார்பானிக் அமிலம் 6.4ல இருக்கு பாருங்க, அத நடுவுல கிழிச்ச கோடு மாதிரி வச்சுக்கோங்க. அதுக்கு கீழ இருக்கிறது தான் சோடியம் பைகார்பனேட்டோட நுரைச்சு பொங்கும், மேல இருக்கிறது பொங்காது. பீனாலுக்கும் பென்சாயிக் அமிலத்துக்கும் வேறுபாடு கேட்டா இந்த ஒரு வரி போதும். சோடியம் உலோகம்னா மூணுமே ஹைட்ரஜன் விடும், சோடியம் ஹைட்ராக்சைடுனா பீனாலும் அமிலமும், பைகார்பனேட்னா அமிலம் மட்டும். ஒரே ஒரு குசும்பு இருக்கு, பிக்ரிக் அமிலம் பாக்க பீனால் குடும்பம் தான் ஆனா மூணு நைட்ரோ தொகுதி சேந்து அத கோட்டுக்கு ரொம்ப கீழ தள்ளிடுச்சு, அதுவும் பொங்கும்.

ஆல்கஹால் ஆக்சிஜனேற்றத்த நான் அரையாண்டு வரைக்கும் மூணு தனி வினையா மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன், 573 கெல்வின்ல காப்பர் மேல விட்டா ஓரிணைய ஆல்கஹால் ஆல்டிஹைடு தரும், ஈரிணையது கீட்டோன் தரும், மூவிணையது ஆல்கீன் தரும்னு. ஓஎச் இருக்கிற அந்த கார்பன் மேல எத்தன ஹைட்ரஜன்னு எண்ணுங்க, முடிஞ்சது. ரெண்டு இருந்தா ஒண்ண எடுத்த பிறகும் ஒண்ணு மிச்சம், அது ஆல்டிஹைடு. ஒண்ணு இருந்தா அதையும் எடுத்துட்டா கீட்டோன். ஒண்ணுமே இல்லன்னா எடுக்க ஏதும் இல்ல, அதனால தண்ணியா கழண்டு ஆல்கீனா போகுது. ஆல்டிஹைடு ஏன் சுலபமா அமிலமா மாறுது, கீட்டோன் ஏன் அடம் புடிக்குதுன்னாலும் இதே கதை தான், ஆல்டிஹைடுல கார்பனைல் கார்பன் மேல இன்னும் ஒரு ஹைட்ரஜன் உக்காந்திருக்கு. டோலன்ஸ் சோதனைல (அம்மோனியா கலந்த சில்வர் நைட்ரேட் கரைசல் சேக்கிறது) வெள்ளி ஆடி வர்றதும் அதனால தான். இதுல ஒரு மார்க்ல அடிக்கடி மாட்டி விடுவாங்க, டோலன்ஸ் வினைக்காரணிய ஒடுக்குற கார்பாக்சிலிக் அமிலம் எதுன்னு. ஃபார்மிக் அமிலம். அமிலத் தொகுதில இருக்கிற கார்பன் மேல ஹைட்ரஜன் இருக்கிற ஒரே ஆளு அது தான், அசிட்டிக் அமிலத்துல அந்த இடத்துல மெத்தில் உக்காந்திருக்கு.

வெள்ளி ஆடின்னு சொன்னதும் லேப் ஞாபகம் வருது. பிராக்டிகல்ல கரிமச் சேர்ம பகுப்பாய்வுல எனக்கு டோலன்ஸ் செஞ்சப்போ ஆடியும் வரல கண்ணாடியும் வரல, கருப்பா மண்ணு மாதிரி படிஞ்சுது. சார் டெஸ்ட் டியூப வாங்கி வெளிச்சத்துல தூக்கி பாத்துட்டு "கழுவுனியா இத?"ன்னாரு. முன்னாடி செஞ்ச பையனோட எண்ணெய் பிசுக்கு உள்ள ஒட்டியிருந்துச்சு, அது பத்தாதுன்னு நான் நேரா தீயில காட்டிட்டேன். டியூப சோடா உப்பு போட்டு கழுவி, காய்ச்சி வடிச்ச தண்ணில அலசி, வெந்நீர் பாத்திரத்துல நிக்க வச்சு ஆட்டாம விட்டப்போ அஞ்சு நிமிஷத்துல அடியில இருந்து மெல்ல பளபளன்னு ஏறி வந்துச்சு, என் மூக்கே அதுல தெரிஞ்சுது. அந்த கரைசல அப்பப்போ புதுசா தயாரிக்கணும், வேல முடிஞ்சதும் கழுவி ஊத்திடணும், வச்சிருந்தா வெடிக்கிற பொருள் உருவாகும். இது புக்குல மூலைல இருக்கும், யாரும் படிக்க மாட்டோம்.

இப்போ என் முட்டைக்கு வரேன். கார்பனைல் கார்பனுக்கு அடுத்த கார்பன் தான் ஆல்ஃபா கார்பன். அது மேல ஹைட்ரஜன் இருந்தா காரம் அத புடுங்கும், கார்பன் மேல மைனஸ் வரும், அது இன்னொரு ஆல்டிஹைட போய் தாக்கும், அது தான் ஆல்டால். பென்சால்டிஹைடுல அடுத்த கார்பன் வளையத்துல இருக்கு, ஹைட்ரஜன் இல்ல. ஃபார்மால்டிஹைடுல அடுத்த கார்பனே இல்ல. புடுங்க ஏதும் இல்லாதப்போ அடர் காரம் வேற வழி பாக்கும், ஹைட்ராக்சைடு நேரா கார்பனைல் கார்பன்ல போய் உக்காரும், அந்த மூலக்கூறு தன்னோட ஆல்டிஹைடு ஹைட்ரஜன ரெண்டு எலக்ட்ரானோட அப்படியே பக்கத்து மூலக்கூறுக்கு தூக்கி குடுத்துடும். குடுத்தது பென்சோயேட் ஆகுது, வாங்குனது பென்சைல் ஆல்கஹால் ஆகுது. கான்னிசரோ வினை. ரெண்டு வினையும் பக்கம் பக்கமா எழுதி ஹைட்ரஜன மட்டும் சிவப்பு பேனால எழுதுங்க, அப்புறம் ஜென்மத்துக்கும் குழம்பாது.

அமீன்ல நான் சந்தோஷப்பட்டது ஹின்ஸ்பெர்க் சோதனைக்கு தான், மனப்பாடம் பண்ணவே முடியாம இருந்தது அது. பென்சீன் சல்ஃபோனைல் குளோரைடு சேத்தா நைட்ரஜன் மேல இருந்து ஒரு ஹைட்ரஜன் போகும். ஓரிணைய அமீன்ல ரெண்டு இருந்துச்சு, ஒண்ணு மிச்சம், அந்த மிச்சம் அமிலத்தன்மை உள்ளது, அதனால பொட்டாசியம் ஹைட்ராக்சைடுல கரையும். ஈரிணையதுல இருந்த ஒண்ணும் போச்சு, கரையாது. மூவிணையதுல ஆரம்பத்துலயே இல்ல, வினையே இல்ல. கார்பைலமின் வினையும் அப்படி தான், ரெண்டு ஹைட்ரஜன் இருக்கிற ஓரிணைய அமீன் மட்டும் குளோரோஃபார்ம், ஆல்கஹால் கலந்த பொட்டாஷோட சேந்து அந்த சகிக்க முடியாத நாத்தத்த குடுக்கும்.

சரி, எல்லாத்துக்கும் இது வேலை செய்யுமான்னா செய்யாது, அதையும் சொல்லிடறேன். லூகாஸ் சோதனைல (அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நீரற்ற சிங்க் குளோரைடும் சேக்கிறது) மூவிணைய ஆல்கஹால் உடனே கலங்கும், ஈரிணையது அஞ்சு பத்து நிமிஷம் கழிச்சு, ஓரிணையது அறை வெப்பநிலைல கலங்காது, இதுக்கு காரணம் கார்போகேட்டயான் நிலைப்புத்தன்மை, ஹைட்ரஜன் எண்ணிக்கை இல்ல. பென்சால்டிஹைடுல அந்த ஆல்டிஹைடு ஹைட்ரஜன் இருந்தும் ஃபெலிங் கரைசல (ஆல்டிஹைட கண்டுபிடிக்கிற காப்பர் கரைசல்) ஒடுக்காது. அனிலின நேரடியா நைட்ரோ ஏற்றம் பண்ணா பாரா 51 சதவீதம் வர்றதோட மெட்டாவும் 47 சதவீதம் வருதே, அமினோ தொகுதி ஆர்த்தோ பாராவுக்கு தானே அனுப்பும்னு கேப்பீங்க, அமிலத்துல அனிலின் ஒரு புரோட்டான வாங்கி அனிலினியமா மாறிடுது, அது மெட்டாவுக்கு அனுப்புற ஆளு. வளையத்துல நடக்கிற வினைகளுக்கு எலக்ட்ரான் எங்க அதிகம்னு தான் பாக்கணும், அதுக்கு வேற கண்ணாடி போட்டுக்கோங்க.

கடைசியா ஏ, பி, சி கண்டுபிடிக்கிற கணக்கு. எல்லாரும் பயப்படறது இது தான், எனக்கு இப்போ புடிச்சதும் இது தான். ஒண்ணு போட்டு காட்டறேன். ஏ ஒரு சேர்மம், மூணு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ரெண்டு ஆக்சிஜன், பைகார்பனேட்டோட பொங்கும். அம்மோனியா சேத்து சூடாக்குனா பி. பிய புரோமின், பொட்டாஷோட சேத்தா சி, இது கார்பைலமின் சோதனைக்கு நாறும். சி நைட்ரஸ் அமிலத்தோட டி தரும், டி அயோடோஃபார்ம் தரும். மொத வரிலயே எண்ணிடுங்க, மூணு கார்பனுக்கு முழுசா நிறைஞ்சா எட்டு ஹைட்ரஜன் இருக்கணும், ஆறு தான் இருக்கு, ரெண்டு குறைஞ்சா ஒரு இரட்டைப் பிணைப்போ வளையமோ. பொங்குதுன்னா அது கார்பாக்சில்ல இருக்கிற இரட்டைப் பிணைப்பு, ஏ புரோப்பனாயிக் அமிலம். பி புரோப்பனமைடு. புரோமின் பொட்டாஷ்னு பாத்ததும் ஹாஃப்மன் இறக்கம், ஒரு கார்பன் குறையும், இங்க தான் பாதி பேர் புரோப்பில் அமீன்னு எழுதி மார்க்க விடுவாங்க. சி எத்தில் அமீன், டி எத்தனால். தப்பா புரோப்பில் அமீன்னு எழுதியிருந்தா டி புரோப்பேன்-1-ஆல்னு வரும், அது அயோடோஃபார்ம் தராது, அதுக்கு ஓஎச் இருக்கிற கார்பன் பக்கத்துல மெத்தில் இருக்கணும். அதாவது கேள்வியோட கடைசி வரியே உங்க விடைய செக் பண்ணி குடுத்துடுது. நான் எப்பவும் கீழ இருந்து மேல ஒரு தடவ படிச்சுட்டு தான் எழுதவே ஆரம்பிப்பேன்.

பேப்பர் அமைப்பு உங்களுக்கு தெரியும், 15 ஒரு மார்க், ரெண்டு மார்க்குல ஆறு, மூணு மார்க்குல ஆறு, அஞ்சு மார்க்குல அஞ்சு. 24, 33 ரெண்டும் கட்டாய கேள்வி, சாய்ஸ் கிடையாது, அதனால ஆர்கானிக்க மொத்தமா விட்டுட்டு போற பிளான் ஆபத்து. விடைல நிபந்தனைய அம்புக்குறி மேல எழுதுங்க, 573 கெல்வின், 273 கெல்வின், நீரற்ற சிங்க் குளோரைடுன்னு, அத விட்டா அர மார்க் போகும். சமன்பாடு எழுதுன பிறகு ரெண்டு பக்கமும் கார்பன் எண்ணிக்கை சரியான்னு ஒரு பார்வை.

பப்ளிக்ல எனக்கு 70க்கு 62 வந்துச்சு. போன எட்டுல மூணு மின்வேதியியல்ல, ஒரு கணக்குல லிட்டர மில்லி லிட்டரா மாத்தாம விட்டேன். அதுக்கு அக்காகிட்ட இன்னும் திட்டு வாங்கிட்டு இருக்கேன்.