தூர் வாரக் கூடாத அகழி

இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் நாங்கள் வாங்கிய வீட்டுக்குப் பின்னால் ஓர் அகழி இருக்கிறது. நடுவில் புல் மண்டிய திட்டு. ஒரு காலத்தில் நிலக்கிழாரின் வீடு நின்ற இடம். இங்கிலாந்தில் இப்படி அகழி சூழ்ந்த இடங்கள் ஏறத்தாழ 6,000 இருக்கின்றன. பெரும்பாலானவை 1250க்கும் 1350க்கும் இடையில் வெட்டப்பட்டவை. போருக்குப் பயந்து என்பதைவிட, கௌரவத்துக்காக வெட்டியதே அதிகம்.

வடக்குப் பக்கம் தூர்ந்துபோய், விழுந்த மரங்களோடு கிடந்தது. கோடையில் குளத்தைத் தூர் வாருவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஜேசிபிக்கு ஆள் பேசிவிட்டேன். பக்கத்து வீட்டு அம்மாதான் தடுத்தார்: "இது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். முதலில் எழுதிக் கேளுங்கள்."

1979ஆம் வருடச் சட்டப்படி, அனுமதியில்லாமல் இங்கே தோண்டுவது குற்றம். கவுன்சிலில் வாங்கும் கட்டட அனுமதி வேறு, இது வேறு. பழைய சின்னங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். முடிவு அமைச்சரின் பெயரில் வரும். கட்டணம் இல்லை. யாராவது வாயால் "சரி" என்று சொன்னால் அது செல்லாது, எழுத்தில் வேண்டும்.

முழுக்கத் தூர் வாரும் என் முதல் திட்டம் அந்த அமைப்பின் ஆய்வாளரிடம் நிற்கவில்லை. எது குப்பை, எது பழைய வண்டல் என்று முதலில் பார்க்கச் சொன்னார். அதற்கும் அனுமதி வாங்கித்தான் தொல்லியலாளர் ஒருவர் மண் மாதிரி எடுக்கும் கைத்துளைப்பானை இறக்கினார். மேலே ஓரடிக்கு மக்கிய இலை. அதற்குக் கீழே மை போல் கறுப்புச் சேறு, அழுகிய முட்டை வாடை. அதற்குள் விரல் நீளத்தில் ஒரு சுள்ளி, பட்டைகூட உரியவில்லை! காற்றுப் புகாத ஈரத்தில் மரம், தோல், விதை, மகரந்தம் எல்லாம் நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே கிடக்குமாம். ஜேசிபி வந்திருந்தால் அத்தனையும் ஒரே நாளில் வாரிக் கரையில் கொட்டப்பட்டிருக்கும். அந்த நினைப்பில் அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை.

அப்புறம் திட்டத்தை மாற்றி எழுதினேன். மேல் இலைக்குப்பை மட்டும், அதுவும் கையால். மரங்களைத் தரையோடு அறுக்கலாம். வேரைப் பிடுங்கக் கூடாது. கரைமேல் வண்டி ஏறக் கூடாது. தொல்லியலாளர் கூடவே நிற்க வேண்டும். இந்த நிபந்தனைகளோடு அனுமதிக் கடிதம் வந்தது.

நீங்களும் இப்படி ஓர் இடம் வாங்கினால், தேசியப் பாரம்பரியப் பட்டியலின் இணைய வரைபடத்தில் உங்கள் நிலத்தைத் தேடிப் பாருங்கள். எல்லைக்கோடு அகழியோடு நிற்காமல் வெளிக்கரையையும் சேர்த்துப் போகலாம். எங்களுக்கு அது தோட்டத்து வேலி வரை வந்திருந்தது. வேலிக்கம்பம் ஒன்று நடவும் இப்போது கேட்டுவிட்டுத்தான் நடுகிறோம்.