'டாங்' விட்ட கடைசி டார்பிடோ

போரில் மூழ்கிய நீர்மூழ்கிகள் எத்தனையோ. என் மனசை விட்டுப் போகாதது அமெரிக்காவின் 'டாங்'. 1943 அக்டோபரில் பணியில் சேர்ந்து, ஒரே வருடத்தில் ஐந்து ரோந்து. 33 ஜப்பானியக் கப்பல்களை மூழ்கடித்ததாகக் கணக்கு. ஆனால் பசிபிக் கடலில் ட்ரக் தீவுப் பக்கம் விழுந்த 22 அமெரிக்க விமான வீரர்களைத் தூக்கிக் காப்பாற்றியதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

1944 அக்டோபர் 25 அதிகாலை, தைவான் ஜலசந்தி. இருந்த 24 டார்பிடோக்களில் (தண்ணீருக்குள் தானே ஓடிப் போய் கப்பலைத் தாக்கி வெடிக்கும் குண்டு) 23 தீர்ந்தாச்சு. ஏற்கெனவே அடிபட்டு நின்ற கப்பலை நோக்கிக் கடைசியையும் விட்டார்கள். மின்சாரத்தில் ஓடும் மார்க் 18 ரகம். நேராகப் போக வேண்டியது, தண்ணீருக்கு மேலே துள்ளி, இடப்பக்கம் வளைந்து, வட்டமடித்து இவர்களிடமே திரும்பியது. மேலே நின்றிருந்த கேப்டன் ரிச்சர்ட் ஓகேன் முழு வேகம் கேட்டார், கப்பலைத் திருப்பப் பார்த்தார். சில விநாடிகளில் என்னதான் செய்துவிட முடியும்? பின்பகுதியில் வந்து அடித்தது.

கப்பல் சுமார் 55 மீட்டர் ஆழத்தில் தரைதட்டியது. உள்ளே பிழைத்தவர்கள் முன்பக்க டார்பிடோ அறையில் ஒடுங்கினார்கள். புகை, தீ, மேலே எதிரியின் வெடிகள். மூச்சுப்பையை மாட்டிக்கொண்டு 13 பேர் வெளியேறினார்கள்; அதில் உயிரோடு மீட்கப்பட்டவர்கள் ஐந்தே பேர். மேலே இருந்த ஓகேனையும் சேர்த்து, பிழைத்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர். 78 பேர் போய்விட்டார்கள்.

மீட்ட ஜப்பானியக் கப்பலில் செம அடி. அடித்தவர்கள், இவர்கள் மூழ்கடித்த கப்பல்களிலிருந்து தீக்காயங்களோடு தப்பியவர்கள். அது தெரிந்தபிறகு அந்த அடியைத் தாங்கிக்கொள்ள முடிந்தது என்று ஓகேனே பின்னால் சொல்லியிருக்கிறார். ஒன்பது பேரும் 1945இல் போர் முடிந்து ஊர் திரும்பினார்கள்.