புளியடி வளவும் பிக்கோலிஸ்பும்

2024 ஒக்டோபர் 19

அண்ணா ரொறன்ரோவிலிருந்து மறுபடியும் அழைத்தார். எங்கள் குடும்பக் காணியான புளியடி வளவில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதி அனுப்பு என்கிறார், கடைக்குச் சாமான் சிட்டை கேட்பதுபோல. எக்செலில் தொடங்கினேன். பெரிய பாட்டாவின் இரண்டாம் தாரத்துப் பிள்ளைகள் வந்ததும் கட்டங்கள் போதவில்லை.

இரவு பழைய மடிக்கணினியில் பிக்கோலிஸ்ப் என்ற நிரல்மொழியை நிறுவினேன். நெடுநாள் ஆசை. மொழிக்குள்ளேயே தரவுத்தளமும் இருக்கிறது, பைலொக் என்று புரோலொக் பாணியில் தர்க்க விதிகளும் இருக்கின்றன. காணிக்கும் உறவுக்கும் இதைவிடப் பொருத்தமாக எதைத் தேடுவது? அண்ணாவிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்.

ஒக்டோபர் 20

அலெக்சாண்டர் பேர்கர் என்ற ஜெர்மானியர் 1988 இல் மக்கின்டொஷ் கணினியில் தொடங்கிய மொழி. தொகுப்பி கிடையாது, எல்லாம் அப்படியே ஓடும். தரவு வகைகள் மூன்றுதான்: எண், குறி, பட்டியல். அடியில் எல்லாமே ஒரே மாதிரி இரட்டை அறைகள். சார்பு என்று எழுதுவதும் ஒரு பட்டியலே. அதனால் ஒரு கட்டளையை எடுத்து வேறு பெயரில் வைத்தால் அந்தப் பெயரும் அதே வேலையைச் செய்கிறது. விதி எழுதும் கட்டளைக்கு ‘மெய்’ என்று பெயர் வைத்தேன். இனி உறவுகளைத் தமிழிலேயே எழுதலாம்.

இன்னொன்று. சதுர அடைப்பு ஒன்றைப் போட்டால் திறந்து கிடக்கும் வளைவடைப்புகள் எல்லாம் ஒரேயடியாக மூடிக்கொள்கின்றன. லிஸ்ப் குடும்ப மொழிகளில் எழுதியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஒக்டோபர் 21

அம்மாவுக்கு இன்னும் இருமல்.

ஒக்டோபர் 23

அரைப் பரப்பு காணாமல் போய்விட்டது.

வளவு 18 பரப்பு, பரப்பு என்பது எங்கள் ஊர் நில அளவு. பாட்டாவின் பங்கு மூன்றில் ஒன்று. அவருக்கு நான்கு பிள்ளைகள்: பெரிய மாமா, அம்மா, சின்னம்மா, சின்ன மாமா. ஆளுக்குப் பன்னிரண்டில் ஒன்று, அதாவது ஒன்றரைப் பரப்பு. 18 ஐ 12 ஆல் வகுக்கச் சொன்னேன். 1 என்றது. இந்த மொழியில் தசம எண்ணே இல்லை, முழு எண்கள் மட்டும்தான். எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் முழுதாக இருக்க வேண்டும். பெருக்கி வகுத்து முழுமையாக்கித் தரும் கட்டளை ஒன்று உண்டு, அதைக் கொடுத்துப் பார்த்தேன். 2 என்றது. ஒன்று அரைப் பரப்பைத் தின்கிறது, மற்றது அரைப் பரப்பைக் கூட்டித் தருகிறது. எங்கள் வீட்டில் இதைவிடக் குறைவான நிலத்துக்கு ஒரு தலைமுறையே பேசாமல் இருந்திருக்கிறது.

பேர்ச்சில் வைப்பதுதான் வழி. பரப்புக்கு 10 பேர்ச், வளவு 180, ஆளுக்கு 15. பங்கைத் தொகுதி தனி, பகுதி தனி என்று இரண்டு முழு எண்களாக வைத்துக்கொள்கிறேன். பழைய காணி உறுதிப் பத்திரங்களிலும் இப்படித்தான் ‘பிரிபடாத பன்னிரண்டில் ஒரு பங்கு’ என்று எழுதியிருக்கிறார்கள். அந்த நொத்தாரிசுகள் ஒருவரும் தசமப் புள்ளி வைக்கவில்லை.

ஒக்டோபர் 26

பயிற்சிக் கையேட்டின் மாதிரித் தரவு ஐரோப்பிய அரச குடும்பங்களின் வம்ச மரம். தாய், தந்தை, துணை, பிள்ளைகள். ஒரு பக்கத்தில் கணவனைப் பதிந்தால் மறுபக்கத்தில் மனைவி தானாகவே வந்துவிடுகிறாள், இரு பக்கமும் பிணைத்தே வைத்திருக்கிறார்கள். நான் அதிலிருந்து சிலரை மட்டும் பைலொக்கில் தனியாக எழுதிக்கொண்டேன். பிறகு நம் முறையில் ஒரு விதி, @ வைத்தவை இன்னாரென்று மொழியே தேடி நிரப்பும் இடங்கள்:

(மெய் மச்சான் (@அ @ஆ)
   (தாய் @அ @த)
   (உடன்பிறப்பு @த @ம)
   (தந்தை @ஆ @ம)
   (ஆண் @ஆ))

தாயின் உடன்பிறந்தவர் தந்தையாக உள்ள ஆண். தாய்க்குச் சகோதரி தந்தையாக முடியாது, ஆகவே மாமன் மகன் மட்டும் அகப்படுவான். அத்தை மகனுக்கு இன்னொரு விதி வேண்டும், அது பிறகு. கேட்டேன்:

(? (மச்சான் விக்டோரியா @யார்))

@யார்=அல்பேர்ட்

விக்டோரியா மகாராணி 1840 இல் மணந்தது சொந்த மாமன் மகனை! அவருடைய தாயும் அல்பேர்ட்டின் தந்தையும் உடன்பிறந்தவர்கள். புத்தகத்தில் ‘ஒன்றுவிட்ட சகோதரர்’ என்று படித்தபோது ஏதோ கூடாத காரியம்போலத் தோன்றியது. விதியாக எழுதினால் இணுவிலில் நடந்த கலியாணம்தான். என்டர் தட்டினேன். அடுத்த விடையாக அல்பேர்ட்டின் அண்ணன் ஏர்ண்ஸ்ட் வந்தார். அவரும் முறைதான்.

இரவு அம்மாவிடம் சொன்னேன். “முறையான சம்பந்தம்தானே, இதில் என்ன புதினம்” என்று மறுபக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

ஒக்டோபர் 30

1995 இல் இதே திகதிதான் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் இடம்பெயர்ந்தோம். அம்மா காலையிலிருந்து சரியாகப் பேசவில்லை.

உறுதிகள் இருக்கும் தகரப் பெட்டியை இறக்கினேன். நாவற்குழிப் பாலத்தை அதுவும் அன்று மழையில் கடந்ததுதான். மூன்று உறுதிகளின் ஓரம் தேயிலைச் சாயம் பிடித்தாற்போல் இருக்கிறது. எல்லைகள் மட்டும் தெளிவாக வாசிக்க முடிகிறது: கிழக்கு ஒழுங்கை, வடக்கு இன்னாரின் வளவு. அந்த இன்னார் யாரென்று அம்மாவுக்குத்தான் தெரியும். இன்று கேட்கும் நாளில்லை.

ஒக்டோபர் 31

தீபாவளி. மாமி முறுக்கும் பயற்றம் பணியாரமும் கொண்டுவந்தார். நெற்றியில் பொட்டு. வழக்கம்போல யாரும் அதைப் பார்க்காததுபோல் பார்த்தோம். மச்சாள் வரவில்லை, வேலை என்றார்.

நவம்பர் 1

சின்ன மாமாவைப் பதிகிறேன். பெயர் இருக்கிறது. பிறந்த திகதி இருக்கிறது. துணையின் இடத்தில் மாமியை வைத்தேன், மாமியின் பக்கத்தில் இவர் தானாக வந்துவிட்டார். இறந்த திகதி என்ற இடம் வெறுமை.

இந்த மொழியில் வெறுமைக்கு ‘நில்’ என்று ஒரே குறிதான். பொய் என்றாலும் நில், வெற்றுப் பட்டியல் என்றாலும் நில், எழுத்தில்லாத சொல் என்றாலும் நில், கோப்பு முடிந்தாலும் நில். எழுதுவதற்கு இது மிக வசதி. ‘இருக்கிறதா’ என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அம்மாவுக்கும் இறந்த திகதி நில், சின்ன மாமாவுக்கும் நில். உயிரோடிருப்பவர்கள் யார் என்று கேட்டால் இருவரையும் ஒரே மூச்சில் சொல்கிறது. அம்மா அடுக்களையில் இருக்கிறார்.

விதிகளில் மறுப்பும் அப்படித்தான். நிரூபிக்க முடியாதது எல்லாம் இல்லை என்று ஆகிவிடும். தெரியாது என்று ஒரு விடையே அதற்குக் கிடையாது.

நவம்பர் 3

யாழ்ப்பாணம் என்ற சொல்லின் நீளம் என்ன என்று கேட்டேன். 11 என்கிறது. நமக்கு ஆறெழுத்து. புள்ளியையும் காலையும் தனித்தனியாக எண்ணுகிறது. யுனிகோட் செய்த வேலை, மொழியின் குற்றமில்லை.

நவம்பர் 4

கிளினிக்கில் அம்மாவோடு காலை முழுவதும். கைத்தொலைபேசியில் டேர்மக்ஸ் என்ற செயலியைப் போட்டு அதிலும் பிக்கோலிஸ்ப் ஓடுகிறது. பக்கத்தில் இருந்த ஐயா எட்டிப் பார்த்து “என்ன தம்பி, கோயில் கணக்கா?” என்றார். காணிக் கணக்கு என்றேன். உடனே தன் வழக்கைச் சொல்லத் தொடங்கிவிட்டார். எங்கள் இலக்கம் வரும்வரை அவருடைய பங்காளிகள் எல்லோரையும் அறிந்துகொண்டேன்.

படம் எடுத்தார்கள். முடிவு பிறகுதான்.

நவம்பர் 7

சூரன்போர். கோயிலுக்குப் போகவில்லை.

‘உறவினர்’ என்று ஒரு விதி. இன்னார் இன்னாருக்கு உறவென்றால் மற்றவரும் இவருக்கு உறவு. எவ்வளவு நியாயம்! எழுதி ஓடவிட்டால் திரை அப்படியே நிற்கிறது. இவர் உறவா என்று அவரிடம் கேட்கிறது, அவர் உறவா என்று இவரிடம் திரும்பக் கேட்கிறது. முதலில் கண்ட வழியிலேயே ஆழம் ஆழமாக இறங்குவதுதான் பைலொக்கின் இயல்பு, இந்த வழியில் அடி என்பதே இல்லை. பிறப்பை மட்டும் உண்மையாக வைத்து, மற்ற உறவுகளை அதிலிருந்து வருவிக்கும்படி மாற்றினேன். இப்போது முடிகிறது.

நவம்பர் 10

வாசித்தது: 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம், காணாமற்போனவருக்கு இறப்புப் பதிவு செய்ய வழி. 2016 இல் திருத்தம், இறப்பு என்று சொல்லாமல் ‘காணவில்லை’ என்றே ஒரு சான்றிதழ் பெறலாம். சட்டம் எழுதியவர்களுக்கும் இரண்டு விடை போதவில்லை.

மாமி எதற்கும் விண்ணப்பிக்கவில்லை. படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவரிடம் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டாராம்.

நவம்பர் 12

முடிவு வரவில்லை.

நவம்பர் 14

வாக்களித்துவிட்டு வந்தோம். அம்மா விரல் மையைக் கழுவிக் கழுவிப் பார்க்கிறார்.

நவம்பர் 16

அண்ணா கேட்டது: “அவர் இல்லையென்று வைத்தால் கணக்கு எப்படி வரும்?” வைத்தால் என்றுதான் கேட்டார். அதற்காகக் கோபிக்க முடியாது.

ஆச்சரியக்குறி வைத்த கட்டளைகள் தரவை அந்தக் கணமே வட்டில் எழுதிவிடும். குறி இல்லாதவை ‘கொமிட்’ சொல்லும்வரை நினைவகத்தில் மட்டும் நிற்கும், ‘ரோல்பேக்’ சொன்னால் நடக்காதது ஆகிவிடும். குறி இல்லாததை எடுத்தேன். ஆனால் ஏதாவது ஒரு திகதி வேண்டும். மொழி திகதியை ஒரு முழு எண்ணாக வைக்கிறது, பூச்சிய ஆண்டு மார்ச் 1 இலிருந்து எத்தனையாவது நாள் என்று. எந்த நாளை எழுதுவது? 1996 ஆடி மாதத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போன நாளா? அன்று அவர் உயிரோடுதான் படலையைச் சாத்திவிட்டுப் போனார், நான் பார்த்தேன்.

அன்றைய திகதியையே எழுதினேன். கேள்வியை ஓட்டினேன். பெரிய மாமா 15, அம்மா 15, சின்னம்மா 15, மச்சாள் 15. யாருக்கும் ஒரு பேர்ச் கூடவில்லை, குறையவில்லை. பெயர் மட்டும் மாறியிருக்கிறது. இத்தனை காலமும் எல்லோரும் வற்புறுத்தியது இந்த ஒரு வரிக்காகத்தான், ஒப்பமிட ஒரு கை வேண்டும் என்பதற்காக.

ரோல்பேக். மறுபடி பார்த்தேன். நில்.

நவம்பர் 17

அம்மா அந்த வடக்கெல்லை இன்னாரைப் பற்றித் தானாகவே சொன்னார். பாட்டாவின் ஒன்றுவிட்ட தம்பியாம். அப்படியானால் அவருடைய பிள்ளைகளும் மரத்துக்குள் வருகிறார்கள். இருமலுக்கு நடுவே ஒன்பது பெயர் சொன்னார், பிறந்த ஒழுங்கில், ஒருவரும் விடுபடாமல்.

நவம்பர் 21

அண்ணாவோடு வாக்குவாதம். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைப்படி வெளியாளுக்கு விற்பதற்கு முன் பங்காளிகளுக்கு அறிவிக்க வேண்டும், 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டம். யார் யாருக்கு அறிவித்தல் போக வேண்டும் என்று ஒரு விதி எழுதி ஓட்டியிருந்தேன். பட்டியலில் சின்ன மாமாவின் பெயரும் வந்தது. அதை எடுத்துவிட்டு அனுப்பு என்கிறார். எடுக்க ஒரு காரணம் சொல்லுங்கள், அதையும் விதியாக எழுதுகிறேன் என்றேன். தொடர்பைத் துண்டித்துவிட்டார்.

புதிதாக ஒரு இடம் சேர்த்தேன்: ‘நிலை’. இருக்கிறார், இறந்தார், காணவில்லை. நில்லின் தயவு இனி வேண்டியதில்லை. கொமிட் செய்துவிட்டேன். மூன்றாவதை எழுதினால் பங்குக் கேள்வி அவரை எண்ணும், ஒப்பக் கேள்வி அவரில் நின்றுவிடும். நிற்கட்டும்.

நவம்பர் 24

மழை. மருத்துவமனையிலிருந்து அழைப்பு, செவ்வாய் வரச் சொன்னார்கள். தொலைபேசியில் ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 26

ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணீர். ஓட்டோ வர மறுத்துவிட்டது. பெரிய மாமாவின் மகன் உழவு இயந்திரத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறான். மின்சாரம் இல்லை, கைத்தொலைபேசியில் 30 வீதம். அம்மா உடுத்துக்கொண்டு திண்ணையில் இருக்கிறார். அத்தை மகனுக்கான விதி இன்னும் எழுதவில்லை, தந்தையின் உடன்பிறப்பு தாயாக