அனோடைசிங் மேல் அச்சடித்த லோகோ: அழிப்பது சுலபம், உதவ வருகிறவர்களிடமிருந்து காப்பாற்றுவதுதான் கஷ்டம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சைக்கிளை சர்வீஸுக்கு விடும்போது, "இந்த லோகோவெல்லாம் எடுத்துடணும்னு இருக்கேன்" என்று மெக்கானிக் காதில் விழும்படி பேசாதீர்கள். நான் விட்டது பாட்டம் பிராக்கெட்டில் (கிராங்க் சுழலும் அச்சு உட்காரும் இடம்) வந்த கிறீச் சத்தத்துக்காக. திரும்ப எடுக்கப் போனபோது சத்தம் போயிருந்தது. கூடவே இடது கிராங்கில், அதாவது பெடல் மாட்டும் கையில், இருந்த பெயரும் போயிருந்தது. "நீங்க சொல்லிட்டிருந்தீங்கல்ல சார், அதையும் எடுத்துட்டேன். காசு வேணாம், சும்மாதான்" என்றார். பெயர் இருந்த இடத்தில் பளபளவென்று வெள்ளித் திட்டு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே மெட்டல் பாலிஷும் போட்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமாகக் காட்டுகிற ஆளிடம் என்ன சொல்வது?

வண்டியின் கதை சுருக்கமாக. செகண்ட் ஹேண்டில் வாங்கிய ரோடு சைக்கிள். முந்தைய உரிமையாளர் ஒவ்வொரு பாகத்தையும் ஒவ்வொரு கம்பெனியில் வாங்கி மாட்டியிருந்தார். ஹேண்டில்பாரில் ஒரு பெயர், அதைப் பிடிக்கும் ஸ்டெம்மில் இன்னொன்று, சீட்டைத் தாங்கும் சீட் போஸ்ட்டில் மேலிருந்து கீழாக ஒன்று, கிராங்கில் ஒன்று, ரிம்மில் ஆறு இடத்தில் ஒன்று. எல்லாம் கருப்பு அனோடைசிங் (அலுமினியத்தின் மேலேயே உருவாக்கும் நிறப் படலம்), எல்லாவற்றிலும் வெள்ளை எழுத்து. மொத்தத்தில் தேர்தல் நேரத்துத் தெருச் சுவர் மாதிரி இருந்தது.

கிராங்க் விஷயத்துக்கு வழி தேடித்தான் அம்பத்தூர் எஸ்டேட்டில் அனோடைசிங் ஜாப் ஒர்க் செய்கிற ஒரு பட்டறைக்குப் போனேன். வேலை நடக்கவில்லை, ஆனால் அங்கே கிடைத்த விளக்கம்தான் பின்னால் எல்லாவற்றையும் காப்பாற்றியது. "இது பெயின்ட் இல்ல சார், அலுமினியத்தோட தோலு. தேச்சா தோலு போச்சு" என்றார் அங்கிருந்த பெரியவர். சல்ஃப்யூரிக் ஆசிட் தொட்டியில் பாகத்தைத் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்தும்போது அலுமினியத்தின் மேற்பரப்பே ஆக்ஸைடாக மாறுகிறது. அந்தப் படலம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். சாயத்தில் முக்கினால் நிறம் துளைக்குள் இறங்கும், பிறகு கொதிநீரில் போட்டால் துளையின் வாய் மூடிக்கொள்ளும். அலங்காரத்துக்குச் செய்கிற படலத்தின் கனம் பெரும்பாலும் 5 முதல் 25 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உப்புத்தாளுக்கு அது நாலு இழுப்பு வேலை.

லோகோ மை இந்தப் படலத்துக்கு மேலேதான் உட்கார்ந்திருக்கிறது. படலமோ கரைப்பான்களுக்கு அசையாது. அசிட்டோன், தின்னர், ஆல்கஹால் எதுவும் அதை ஒன்றும் செய்யாது. அதைக் கொல்வது மூன்று: உராய்வு, காரம், கடும் அமிலம். காரம் என்றால் காஸ்டிக் சோடா, அடைப்பு நீக்கும் தூள், ஓவன் கிளீனர் வகையறா. பட்டறையிலேயே பழைய அனோடைசிங்கைக் கழற்ற காஸ்டிக் தொட்டியில்தான் போடுகிறார்கள்.

கிராங்கை மறுபடி அனோடைஸ் செய்யலாமே என்றால், ஒரே ஒரு பீஸுக்குத் தொட்டி ஓட்டமாட்டோம் என்றார்கள். நியாயம்தான். அதோடு அவர் சொன்ன சிக்கல்கள்: பழைய படலத்தைக் கழற்றும்போது அலுமினியமும் கொஞ்சம் கரையும், பெடல் மரை லூஸாகும். உள்ளே ஸ்டீல் துண்டு எதுவும் இருந்தால் ஆசிட் அதைத் தின்னும். அலாய் (அலுமினியக் கலவை) மாறினால் கருப்பும் மாறும், வலது கிராங்கோடு நிறம் சேராது. கருப்பு பெர்மனென்ட் மார்க்கரால் அந்தத் திட்டை நிரப்பிப் பார்த்தேன். கொஞ்ச நாள் வெயிலில் ஊதாவாகிவிட்டது. இடது கிராங்க் கதை அத்தோடு முடிந்தது. மீதிப் பாகங்களை வேறு யார் கையும் படாமல் நானே செய்வது என்று முடிவெடுத்தேன்.

தொடங்கும் முன் லோகோ எந்த வகை என்று பாருங்கள், இல்லையென்றால் உழைப்பு வீண். நகத்தால் எழுத்தின் ஓரத்தைத் தடவினால் மெல்லிய மேடு தட்டுப்பட்டால் அது ஸ்கிரீன் பிரிண்ட் அல்லது பேட் பிரிண்ட் மை, எடுக்கலாம். எழுத்து வெளிர் சாம்பலாக, மேடே இல்லாமல், சில சமயம் லேசான பள்ளமாக இருந்தால் அது லேசர். அங்கே படலத்தையே எரித்து எழுதியிருக்கிறார்கள், எந்தத் திரவமும் உதவாது. மேடும் இல்லை பள்ளமும் இல்லை, எழுத்து நிறத்தோடு நிறமாகக் கிடக்கிறது என்றால் சாயத்தோடு சேர்த்துப் பதித்தது, அதையும் விட்டுவிடுங்கள். பாகம் முழுவதும் கண்ணாடி மாதிரி மினுங்கினால் மேலே கிளியர் கோட் (நிறமில்லாத பூச்சு) இருக்கலாம். அசிட்டோன் பட்டால் அந்தக் கோட் சுருங்கி எழும்பும். கார்பன் பாகமென்றால் இந்தக் கட்டுரையையே மறந்துவிடுங்கள்.

அசிட்டோன் வாங்கப் போனது தனிக் கதை. பெட்டிக்கடையில் கிடைக்கிற நெயில் பாலிஷ் ரிமூவர் போதும் என்று எல்லாரும் சொல்வார்கள். இப்போது வருகிற பலவற்றில் அசிட்டோனே கிடையாது. வேறு கரைப்பான், எண்ணெய், வாசனை, ரோஸ் கலர். பாட்டிலின் பின்பக்கம் படித்துவிட்டு வாங்குங்கள். நான் பாரிமுனைப் பக்கம் கெமிக்கல் கடைகளுக்குப் போனேன். முதல் கடையில் ஐந்து லிட்டர் கேனுக்குக் குறைந்து தரமாட்டேன் என்றார்கள். அடுத்ததில் மதியச் சாப்பாடு. இன்னொரு கடையில், "எதுக்கு? சைக்கிளுக்கா? பெட்ரோல் போட்டுத் துடைங்க, போயிடும்" என்று அறிவுரை மட்டும் கிடைத்தது. பெட்ரோல் கிரீஸையும் ஸ்டிக்கர் பசையையும் எடுக்கும். காய்ந்து இறுகிய அச்சு மை அதற்கு மசியாது. கடைசியில் பள்ளிக்கூட லேபுக்குச் சாமான் சப்ளை செய்கிற சின்னக் கடையில் கேள்வி கேட்காமல் அரை லிட்டர் பாட்டில் எடுத்துக் கொடுத்தார்கள். நேராக அங்கேயே போயிருக்கலாம்.

அதற்கு முன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் போட்டுப் பாருங்கள். மொபைல் சர்வீஸ் கடைக்காரர்கள் போர்டு துடைக்க வைத்திருப்பார்கள், கேட்டால் கொஞ்சம் தருவார்கள். எனக்கு அது அழுக்கை மட்டும் எடுத்தது. ஆனாலும் மென்மையானதில் தொடங்குவது நல்லது.

ஸ்டெம், ஹேண்டில்பார் இரண்டும் அசிட்டோனுக்கு உடனே இறங்கின. மொட்டை மாடியில், நிழலில், பக்கத்தில் அடுப்போ ஊதுபத்தியோ இல்லாத இடத்தில் செய்தேன். அசிட்டோன் 56 டிகிரியிலேயே கொதிக்கிற பொருள், ஆவி தரையோடு தவழ்ந்து போய்த் தீயைத் தேடும். ஆவியாவதுதான் வேலைக்கும் இடைஞ்சல்: துணியில் நனைத்துத் துடைத்தால் மை கரைவதற்குள் காய்ந்துவிடும். பஞ்சை நன்றாக நனைத்து லோகோ மேல் வைத்து, சமையலறை அலுமினியத் தாளால் இறுக்கமாகச் சுற்றி ஐந்து நிமிடம் விட்டால், எழுத்து கூழாகிவிடும். அப்புறம் தேய்க்கவே வேண்டாம், வழித்தால் போதும். பழைய ஏ.டி.எம். கார்டின் ஓரம் அதற்குச் சரி. அசிட்டோன் அதையும் இளக்கும் என்பதால் சட்டென்று வழித்துவிட்டு எடுத்துவிடுங்கள். இரும்பு பிளேடு கிட்டே வரக்கூடாது.

துணி விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். மேட் ஃபினிஷ் பரப்பில் நுண்ணிய மேடுபள்ளம் இருக்கிறது. கரைந்த வெள்ளை மையை அதே துணியால் மறுபடி துடைத்தால் அது பள்ளத்துக்குள் இறங்கிச் சாம்பல் பூத்தது போல் நிற்கும். பழைய வேட்டியைக் கிழித்து, ஒவ்வொரு துடைப்புக்கும் புதுத் துண்டு, உள்ளிருந்து வெளியே ஒரே இழுப்பு. கலர் டி-ஷர்ட் துணி சாயம் விடும். சாம்பல் ஏற்கனவே பூத்துவிட்டால் மென்மையான டூத் பிரஷ்ஷை அசிட்டோனில் தோய்த்து லேசாகத் தட்டிக் கொடுங்கள். பேஸ்ட்டும் வேண்டாம், அழுக்கு எடுக்கும் வெள்ளை ஸ்பாஞ்சும் வேண்டாம். இரண்டும் உப்புத்தாளின் தம்பிகள்தான். மேட் பரப்பில் அவை விட்டுச்செல்லும் பளபளப்பு வெயிலில் காட்டிக்கொடுக்கும்.

சீட் போஸ்ட்தான் உயிரை எடுத்தது. அசிட்டோனைச் சுற்றி வைத்து அரை மணி கழித்துப் பார்த்தால் எழுத்து அப்படியே சிரித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு பாகம் கலந்து சூட்டில் இறுக வைக்கும் எபாக்ஸி மை அது. பெயின்ட் ரிமூவர்தான் மருந்து. ஹார்டுவேர் கடையில் கேட்டதும் லேபிள் இல்லாத ஒரு வெள்ளை டப்பாவை நீட்டினார். "இதுல என்ன இருக்குண்ணா, காஸ்டிக்கா?" "ரிமூவர் தம்பி. கேட்டுலேர்ந்து கிரில் வரைக்கும் எல்லாத்துக்கும் இதான் போகுது." அலுமினியத்துக்குப் போடலாமா என்று கேட்டதற்கும், "எல்லாத்துக்கும் போடலாம்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. நல்லவேளையாக சீட் போஸ்ட்டில் சோதனைக்கென்றே ஒரு இடம் இருக்கிறது: ஃபிரேமுக்குள் போய்விடும் அடிப்பகுதி. அங்கே ஒரு துளி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் பொடிக் குமிழிகள். துடைத்தால் கருப்பு துணியோடு வந்துவிட்டது, கீழே மங்கிய வெள்ளை. காஸ்டிக்கேதான். படலத்தைக் கரைத்து அலுமினியத்தைத் தொட்டதும் ஹைட்ரஜன் வருகிறது, குமிழிக்குக் காரணம் அதுதான். அந்தத் துளியை லோகோ மேலே வைத்திருந்தால் கிராங்குக்கு ஜோடி கிடைத்திருக்கும். டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனால், "திறந்ததை எடுக்கமாட்டோம்." கேட்டுக்கும் கிரில்லுக்கும் ஆகும் என்று வீட்டில் கிடக்கிறது.

பிறகு லேபிளில் மெத்திலீன் குளோரைடு என்று தெளிவாக எழுதியிருந்த ஜெல் வகை வாங்கி, அதையும் அடிப்பகுதியில் முதலில் சோதித்தேன். கருப்பு அசையவில்லை. லோகோ மேல் கனமாகப் பூசியதும் எழுத்து சுருங்கி, தோல் உரிவது போல் எழும்பி வந்தது. அந்த நிமிடத்தில் மாடியில் நான் போட்ட சத்தத்துக்கு எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். ஆனால் இது விளையாட்டான சாமான் இல்லை. மூடிய குளியலறையில் இதைப் பூசி மூச்சடைத்து இறந்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் 2019-இல் பொதுமக்களுக்கு விற்கும் பெயின்ட் ரிமூவர்களில் இதைத் தடை செய்தார்கள். திறந்த வெளி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை கட்டாயம். மெல்லிய மருத்துவமனைக் கையுறை அசிட்டோனுக்கும் இதற்கும் தாங்காது, சீக்கிரம் ஊடுருவிவிடும். ஒரு சொட்டு பட்டாலும் கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்டுங்கள். முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள்.

முழு வெற்றி என்று சொல்லமாட்டேன். மை போனாலும் சீட் போஸ்ட்டில் எழுத்தின் நிழல் இருக்கிறது. வெயிலில் சுற்றியுள்ள கருப்பு லேசாகப் பழுப்பேறியிருக்க, மை மூடியிருந்த இடம் மட்டும் பழைய கருப்பாகவே நிற்கிறது. சாய்ந்த வெளிச்சத்தில் பெயரைப் படித்துவிடலாம். இதற்கு மருந்து இல்லை. சிவப்பு, ஊதா அனோடைசிங் எளிதில் வெளிறும் என்பதால் பழைய பாகம் வைத்திருப்பவர்கள் இந்த நிழலை எதிர்பார்த்தே இறங்குங்கள்.

எல்லா எழுத்தையும் எடுத்துவிடவும் கூடாது. சீட் போஸ்ட்டில் குறைந்தபட்சம் இதுவரை உள்ளே போக வேண்டும் என்று ஒரு கோடு இருக்கும், ஸ்டெம் போல்ட் பக்கத்தில் எத்தனை நியூட்டன் மீட்டர் முறுக்க வேண்டும் என்று எண் இருக்கும். அவையும் அதே மைதான், அசிட்டோன் வழிந்தால் போய்விடும். ஜெல்லும் அசிட்டோனும் பேப்பர் மாஸ்கிங் டேப்பைத் தாண்டும் என்பதால், அந்தப் பக்கத்தை மேலே வரும்படி சாய்த்து வைத்து வேலை செய்தேன். கோடு தப்பித்தது, முறுக்கு எண்ணில் பாதி போனது. 5 என்று போட்டோ எடுத்து வைத்திருந்ததால் கவலை இல்லை.

ரிம்மில் இருந்தது ஸ்டிக்கர்தான். ஹேர் டிரையர் சூட்டில் உரிந்துவிட்டது, பசைக்குத் தேங்காய் எண்ணெய். ரிம் பிரேக் வண்டியாக இருந்தால் எண்ணெய் பிரேக் கட்டை படும் பட்டைக்குப் போகாமல் பாருங்கள். போனதோ இல்லையோ, அந்தப் பட்டையை இருபக்கமும் ஆல்கஹாலால் துடைத்துவிட்டே சக்கரத்தை மாட்டுங்கள், தெருவுக்குள்ளேயே ஒரு முறை அழுத்திப் பிடித்துப் பார்த்துவிட்டு மெயின் ரோட்டுக்குப் போங்கள்.